டீம் பேருல நம்ம ஏரியா பேரை வைக்கலாமா வேணாமா? (பொண்ணுங்க கபடி, பெரும்பாக்கம்)

பெரும்பாக்கம்_கார்னர்:

எல்லாருக்கும் வணக்கம், கொஞ்சம் பெரிய போஸ்ட், பொறுமையா படிங்க.

நான் பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டு. 2015 வெள்ளத்துக்கு அப்புறம் ஆத்தங்கரையில இருந்த எங்க தெருவையே காலி பண்ணி சாமானோட ஏத்திட்டு வந்து இங்க எறக்கிவிட்டாங்க, அப்போ நான் ஸ்கூல் படிச்சிட்டு இருந்தேன். பழைய ஏரியாவுல ஒரு அண்ணன் கார்ப்பரேஷன் கிரவுண்ட்ல கபடி சொல்லிக்குடுப்பாரு, அவரு புண்ணியத்துல காலேஜ்ல ஸ்போர்ட்ஸ் கோட்டா சீட் கிடைச்சுது, லெப்ட் கார்னர், யூனிவர்சிட்டி டீம் வரைக்கும் ஆடிருக்கேன். இப்போ ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனியில வேலை.

அந்த வேலைக்கு முன்னாடி வேற ஒரு இடத்துல இன்டர்வியூ போனேன், எல்லாம் நல்லா தான் போயிட்டு இருந்துச்சு, அட்ரஸ் பார்த்ததும் அந்த மேடம் மூஞ்சி ஒரு மாதிரி ஆயிடுச்சு, "ஓ அங்கேர்ந்தா வர்றீங்க, நைட்டு கேப் எல்லாம் அந்தப் பக்கம் வராதே"ன்னாங்க, அதோட சரி, போனே வரல. அதுக்கப்புறம் நான் எங்க போனாலும் மேடவாக்கத்துல இருக்கற அத்தை வீட்டு அட்ரஸ் தான் குடுக்கறேன். எங்க பிளாக்ல பாதி பேரு இப்படித்தான். ஸ்விக்கிகாரன் கூட சில நேரம் மெயின் ரோட்டுக்கு வந்து வாங்கிக்கோங்கன்றான்.

இப்போ விஷயத்துக்கு வரேன். போன வருஷம் அக்டோபர்ல, 2025ல, பஹ்ரைன் ஆசிய யூத் கேம்ஸ்ல நம்ம கண்ணகி நகர் (எங்களை மாதிரியே இடம் மாத்தி கொண்டு வந்து குடிவச்சவங்க ஏரியா) கார்த்திகா இருந்த இந்தியா கேர்ள்ஸ் டீம் ஃபைனல்ல ஈரானை 75-21னு அடிச்சு கோல்டு வாங்குச்சுல்ல, அந்தப் பொண்ணு தான் வைஸ் கேப்டன். அன்னைலேர்ந்து எங்க பிளாக் பொண்ணுங்க என்னை விடமாட்டேங்குதுங்க. "அக்கா நீங்க கபடி ஆடுவீங்களாமே, எங்களுக்கும் சொல்லிக்குடுங்க"ன்னு ஒரே நச்சு. ஆறாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் படிக்கற பதினஞ்சு பொண்ணுங்க. பிளாக்குக்கு நடுவுல வண்டி நிறுத்தற இடத்துல சாயங்காலம் ஆரம்பிச்சிருக்கேன்.

என் டவுட்டு இதெல்லாம் தான்:

டீமுக்கு பேரு வைக்கணும். நான் "பெரும்பாக்கம் கேர்ள்ஸ்"னு ஜெர்சியில பெருசா போடலாம்னு நினைச்சேன். என் கூட வேலை பாக்கற ஒருத்தர் "வேணாம்பா, ஸ்டார்ஸ், ஈகிள்ஸ்னு ஏதாவது வை, அந்தப் பேரைப் பார்த்தா யாரும் ஸ்பான்சர் பண்ண மாட்டாங்க, பிராக்டிஸ் மேட்சுக்கு கூட கூப்பிட மாட்டாங்க"ன்றாரு. அவர் சொல்றதும் சும்மா இல்ல, பக்கத்துல ஒரு ஸ்கூல்ல கபடி ஆட தரையில விரிக்கற மேட் இருக்கு, சண்டே மட்டும் குடுங்கன்னு கேட்டேன், "அந்தப் பசங்க வந்தா பொருள் எல்லாம் காணாம போகும்"னு என் மூஞ்சிக்கு நேராவே சொன்னாங்க.

அடுத்தது பேரண்ட்ஸ். ஷார்ட்ஸ் போடறது, இருட்டினப்புறம் கீழ நிக்கறது, ரெண்டுக்கும் பிரச்சனை. மூணாவது, என் கிட்ட கொஞ்சம் சேவிங்ஸ் இருக்கு, அதை அப்படியே போட்டு மேட் வாங்கிடலாமான்னு இருக்கேன். விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

---

ஓமலூர்க்காரன்:

பேரை வைங்க. இதுல யோசிக்கவே வேணாங்க.

நான் கிரிக்கெட் பவுலர் நடராஜன் ஊருக்குப் பக்கம். சின்னப்பம்பட்டின்னா 2020க்கு முன்னாடி சேலம் டவுன்ல இருக்கறவனுக்கே எந்தப் பக்கம்னு தெரியாது. அப்பா தறி ஓட்டற கூலி, அம்மா ரோட்டோரமா சிக்கன் கடை. இருபது வயசு வரைக்கும் டென்னிஸ் பால் கிரிக்கெட் தான், சந்தைக்குப் பக்கத்துல, காட்டுல, கிடைச்ச இடத்துல ஆடறது. அதே ஊர்ல ஜெயப்பிரகாஷ்னு ஒரு அண்ணன் தான் இவன் கையில ஏதோ இருக்குன்னு மெட்ராசுக்கு கூட்டிட்டுப் போய் லீக்ல சேர்த்து விட்டாரு. அங்க டிவிஷன் டிவிஷனா ஏறி 2015ல ரஞ்சி ஆடினா, முதல் மேட்சுலயே பந்து போடற ஆக்‌ஷன் சரியில்லன்னு ரிப்போர்ட் பண்ணிட்டாங்க. கதை முடிஞ்சுதுன்னு ஊரே நினைச்சுது. ஆக்‌ஷனை மாத்திக்கிட்டு டிஎன்பிஎல்ல (தமிழ்நாடு பிரீமியர் லீக்) வந்து, 2017 ஐபிஎல் ஏலத்துல 3 கோடிக்கு பஞ்சாப் எடுத்தாங்க. அப்புறம் 2020-21 ஆஸ்திரேலியா டூர், நெட் பவுலரா போனவரு ஒரே டூர்ல மூணு ஃபார்மட்லயும் டெபூட் பண்ணிட்டு வந்தாரு, அதெல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்ச கதை.

நான் சொல்ல வந்தது என்னன்னா, ஐபிஎல் ஜெர்சியில அவரு முதுகுல என்ன எழுதிருந்துச்சு பாத்தீங்களா? ஜேபி நட்டு. ஜேபின்னா அந்த ஜெயப்பிரகாஷ் அண்ணன். கையைப் பிடிச்சு ஏத்திவிட்டவர் பேரை தன் பேருக்கு முன்னாடி போட்டுக்கிட்டாரு. அதோட நிக்கல. இந்தியாவுக்கு ஆடறதுக்கு முன்னாடியே ஊர்ல பசங்களுக்கு பயிற்சி ஆரம்பிச்சாச்சு. 2019 டிஎன்பிஎல்ல சேப்பாக் டீமுக்கு பெரியசாமின்னு ஒரு பையன் 21 விக்கெட் எடுத்தான்ல, ஃபைனல்ல 5 விக்கெட், அவனும் அதே ஊரு, அங்க உருவானவன் தான். 2023ல சொந்தமா கிரவுண்டே கட்டி தினேஷ் கார்த்திக்கை கூப்பிட்டு திறந்தாச்சு.

ஒருத்தர் ரெண்டு பேரை தூக்கிவிட்டாரு, அந்த ரெண்டு பேரு இப்போ ஒரு ஊரையே தூக்கிட்டு இருக்காங்க. ஸ்டார்ஸ், ஈகிள்ஸ்னு பேரு வச்சா ஜெயிச்ச பொண்ணு எந்த ஊருன்னு எவனுக்கும் தெரியப் போறதில்லைங்க.

---

சும்மா_சொல்றேன்:

உணர்ச்சிவசப்படாம யோசிங்க சிஸ்டர். நடராஜன் ஜெயிச்சதுக்கு அப்புறம் ஊர் பேரு வெளிய வந்துச்சு. உங்க பொண்ணுங்க இன்னும் ஒரு மேட்ச் கூட ஆடல. ஒரு பன்னெண்டு வயசுப் பொண்ணு முதுகுல நீங்க அந்தப் பேரை ஏத்தி விட்டீங்கன்னா, தோத்துட்டு வரும்போது "பெரும்பாக்கம்ல அதான்"னு பேசறதை அது தான் கேக்கணும், நீங்க இல்ல. உங்களுக்கே வேலைக்கு போக அத்தை வீட்டு அட்ரஸ் தேவைப்பட்டுச்சு. உங்க ஆபீஸ்காரர் சொன்னது பிராக்டிகல்.

அப்புறம் பொதுவா ஒரு விஷயம், விளையாட்டுல எதுக்கு ஏரியா, ஜாதி எல்லாம் கொண்டு வரீங்க? கிரவுண்டுக்குள்ள போயிட்டா திறமை மட்டும் தான். நல்லா ஆடினா எல்லாரும் தானா மதிப்பாங்க.

---

பழைய_ஸ்கோர்கார்டு:

மேல சொன்ன நண்பர் முதல் பாராவுல சொன்னது யோசிக்க வேண்டிய விஷயம் தான், அந்தக் குழந்தைங்களை கேக்காம முடிவு பண்ணக்கூடாது. ஆனா ரெண்டாவது பாரா... "நல்லா ஆடினா தானா மதிப்பாங்க". நூறு வருஷத்துக்கு மேலயே நம்ம ஊர்ல டெஸ்ட் பண்ணி பாத்தாச்சுங்க இதை.

பல்வங்கர் பாலூ. கிரிக்கெட் ஸ்பின்னர், சமார்னு தீண்டத்தகாதவங்கன்னு ஒதுக்கி வச்ச சாதி. பூனாவுல வெள்ளைக்காரன் கிளப்புல பிட்ச் உருட்டி நெட் கட்டற வேலை, மாசம் நாலு ரூபா சம்பளம். ஆபீசருங்களுக்கு நெட்ஸ்ல பந்து போட்டே பெரிய பவுலர் ஆனவரு. வெள்ளைக்காரனை தோக்கடிக்கணும்னு பூனா ஹிந்துஸ் டீம்ல சேர்த்துக்கிட்டாங்க, கிரவுண்டுக்குள்ள அவரு தொட்ட பந்தை எல்லாரும் தொட்டாங்க, டீ பிரேக் வந்தா மட்டும் அவருக்கு பெவிலியனுக்கு வெளியே மண் கோப்பையில டீ. சாப்பாடு தனி. 1911ல இங்கிலாந்துக்கு போன இந்தியா டீம் மோசமா அடிவாங்கின டூர்ல இவரு ஒருத்தர் மட்டும் 114 விக்கெட் எடுத்தாரு. இதை விட என்னங்க நல்லா ஆடறது? பம்பாய் போட்டிகள்ல ஆடற ஹிந்துஸ் டீமோட கேப்டன் பதவியை அவருக்கு முறையா குடுக்கவே இல்ல. 1920ல இவரோட தம்பிங்க விட்டலும் சிவ்ராமும் எங்களுக்கு நியாயம் இல்லன்னா ஆட வரலன்னு டீமை விட்டே வெளிய நின்னாங்க, ஊரெல்லாம் பேச்சாச்சு, அப்புறம் 1923ல தான் விட்டல் ஹிந்துஸ் டீமுக்கு கேப்டன் ஆனாரு. மரியாதை தானா வரல, ஆட மாட்டேன்னு நின்னதுக்கு அப்புறம் வந்துச்சு.

அது அந்தக் காலம்னு சொல்லுவீங்க. 2021 ஆகஸ்ட், டோக்கியோ ஒலிம்பிக்ஸ். பொண்ணுங்க ஹாக்கி செமி ஃபைனல்ல அர்ஜென்டினா கிட்ட தோத்தாங்க. அன்னைக்கே ஹரித்வார் பக்கம் ரோஷ்னாபாத்ல வந்தனா கட்டாரியா வீட்டு வாசல்ல வந்து பட்டாசு வெடிச்சு ஆட்டம் போட்டு, டீம்ல தலித்துங்க அதிகமானதால தான் தோத்துச்சுன்னு ஜாதிப் பேரை சொல்லி திட்டினாங்கன்னு குடும்பத்தார் போலீஸ்ல புகார் குடுத்தாங்க, கேஸ் ஆச்சு. அந்தப் பொண்ணு அதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி தான் சவுத் ஆப்பிரிக்கா கூட ஹாட்ரிக் அடிச்சிருந்துச்சு, ஒலிம்பிக்ஸ்ல ஹாட்ரிக் அடிச்ச முதல் இந்தியப் பெண். ஹாட்ரிக் அடிச்ச அன்னைக்கு இந்தியாவோட மகள், தோத்த அன்னைக்கு ஜாதி.

அதனால பேரை மறைச்சா தப்பிச்சுடலாம்னு நினைக்காதீங்க. தேடறவன் எப்படியும் கண்டுபிடிப்பான்.

---

விசில்_பார்ட்டி:

அது சரி, யாராவது இதை பேசுவாங்கன்னு பாத்தேன். செஸ் குகேஷுக்கு கவர்மென்ட் 5 கோடி, கார்த்திகாவுக்கு 25 லட்சம். இது என்ன கணக்கு? கபடின்னா இளக்காரம், கண்ணகி நகர்னா இன்னும் இளக்காரம்.

---

பழைய_ஸ்கோர்கார்டு:

@விசில்_பார்ட்டி அந்தக் கோவம் புரியுது, ஆனா அந்த கம்பேரிசன் சரியா நிக்காது. குகேஷ் 2024ல ஜெயிச்சது உலக சாம்பியன்ஷிப், இது ஆசிய அளவுல 18 வயசுக்கு உட்பட்ட போட்டி. பாய்ஸ் டீம்ல ஆடின வடுவூர் அபினேஷுக்கும் அதே 25 லட்சம் தான் குடுத்தாங்க. கேரம்ல ஆட்டோ டிரைவர் பொண்ணு காசிமா உலகக் கோப்பையில மூணு கோல்டு வாங்கினதுக்கு 1 கோடி குடுத்தாங்க, அவங்க வடசென்னை. நீங்க கேக்கணும்னா, மெடல் வாங்கினப்புறம் எவ்வளவு குடுத்தாங்கன்னு கேக்காதீங்க. மெடலுக்கு முன்னாடி பத்து வருஷம் அந்தப் பொண்ணு எந்த கிரவுண்ட்ல, எந்த லைட்டு வெளிச்சத்துல ஆடுச்சு, கூட ஆடின மத்த பொண்ணுங்க இப்போ என்ன பண்றாங்க, அதைக் கேளுங்க.

---

விசில்_பார்ட்டி:

அதுவும் கேப்போம் இதுவும் கேப்போம் தலைவா.

---

புதுக்கோட்டை_800:

இந்தத் தங்கச்சி சேவிங்ஸ் போட்டு மேட் வாங்கறேன்னு எழுதினதைப் படிச்சதும் எனக்கு பகீர்னுச்சு, அதான் லாகின் பண்ணேன்.

எங்க மாவட்டத்துல கத்தக்குறிச்சின்னு ஒரு ஊரு. சாந்தி சவுந்தரராஜன் அந்த ஊரு. அப்பா அம்மா செங்கல் சூளையில வேலை. 2006 டிசம்பர்ல தோஹா ஆசிய போட்டியில 800 மீட்டர்ல சில்வர். நாங்க இங்க வெடி வெடிச்சு ஓயறதுக்குள்ள பாலின டெஸ்ட்ல பெயில்னு மெடலை புடுங்கிட்டாங்க. தனியா கூப்பிட்டு உக்கார வச்சு பக்குவமா சொல்ல வேண்டிய விஷயத்தை டிவியில நாடே பேசுச்சு. அந்தக்கா என்ன தப்பு பண்ணுச்சு? ஊசி போடல, மருந்து சாப்பிடல, பொறந்த உடம்போட ஓடுச்சு. பின்னாடி 2015ல டூட்டி சந்த்னு இன்னொரு ஓட்டக்காரப் பொண்ணு இதே விஷயத்துக்கு கோர்ட்டுக்கு போய் ஜெயிச்சப்போ தான் அதெல்லாம் எவ்வளவு அநியாயம்னு வெளிய பேசினாங்க, ஆனா சாந்தியக்காவோட மெடல் போனது போனது தான்.

அந்த நேரத்துல கலைஞர் கூப்பிட்டு 15 லட்சம் குடுத்தாரு, அதை மறக்கக்கூடாது. அந்தக் காசை வச்சு அந்தக்கா என்ன பண்ணுச்சு தெரியுமா, வீட்டை இழுத்துக் கட்டல, புதுக்கோட்டையில பசங்களுக்கு ஓட சொல்லிக்குடுத்துச்சு. ஷூ, சாப்பாடு, போட்டிக்கு கூட்டிட்டுப் போற பஸ் சார்ஜ், எல்லாம் கைக்காசு. பசங்க நல்லாவும் ஓடினாங்க. காசு தீந்துச்சு. 2012ல பாத்தா அந்தக்கா தினக்கூலிக்கு செங்கல் சூளையில நிக்குதுன்னு பேப்பர்ல போட்டோ. ஆசிய போட்டியில ஓடின கால்! அப்புறம் பெங்களூர் போய் கோச்சிங் டிப்ளமோ முடிச்சு, பல வருஷம் அலைஞ்சு தான் விளையாட்டு ஆணையத்துல நிரந்தர கோச் வேலை கிடைச்சுது. இப்போ சம்பளம் வாங்கிக்கிட்டு பசங்களை தயார் பண்ணுது, அப்படித்தான் இருக்கணும்.

தங்கச்சி, வேலையை விட்றாதீங்க, சேவிங்ஸை தொடாதீங்க. மாசம் சம்பளத்துல இவ்வளவு தான்னு ஒரு தொகை ஒதுக்குங்க, அதுக்கு மேல ஒரு ரூபா போடாதீங்க. நீங்க கீழ விழுந்தா அந்தப் பதினஞ்சு பொண்ணுங்களுக்கும் அன்னையோட ஆட்டம் முடிஞ்சுது. "இந்தக்கா மாதிரி ஆனா இதான் கதி"ன்னு அவங்க அம்மாங்களே சொல்லுவாங்க.

---

பிடி_வாத்தியார்_ரிட்டயர்டு:

அம்மா, அரசுப் பள்ளியில முப்பது வருஷத்துக்கு மேல பிடி வாத்தியாரா இருந்தவன். பேரு விஷயம் எல்லாரும் பேசியாச்சு, நான் வேலையைப் பேசறேன்.

மேட் இப்போ வேண்டவே வேண்டாம். அது மழையில வெயில்ல வெளிய போட்டு வைக்கற சாமான் இல்ல, உருட்டி எடுத்து பூட்டி வைக்க ரூம் வேணும், உங்களுக்கு ரூம் கிடையாது. மண் தரை போதும். ஆனா வண்டி நிறுத்தற இடம்னு சொன்னீங்களே, அது சிமெண்ட் தரையா இருந்தா இன்னைக்கே நிறுத்துங்க. சிமெண்ட்ல ஒரு டேக்கிள் விழுந்தா முட்டி போச்சு, அப்புறம் அந்தப் பொண்ணை வீட்ல ஆயுசுக்கும் அனுப்ப மாட்டாங்க. மண்ணு இருக்கற மூலை ஒண்ணு பாருங்க. பொண்ணுங்களுக்கு 12க்கு 8 மீட்டர் இடம் இருந்தா கோர்ட் ஆச்சு. ஒரு அடி ஆழம் கொத்தி விடுங்க, கல்லு கண்ணாடித்துண்டு எல்லாம் சல்லடை போட்டு பொறுக்கணும், ஆத்து மணலும் செம்மண்ணும் கலந்து பரப்பி, முந்தின நாள் ராத்திரி தண்ணி தெளிச்சு விட்டா மறுநாள் சாயங்காலம் பொதுபொதுன்னு இருக்கும். கோடு போட சுண்ணாம்பு வேணாம், கண்ணுல பட்டா எரியும், கோலமாவு போடுங்க. இதையெல்லாம் பொண்ணுங்களோட அப்பா அண்ணனுங்களை கூப்பிட்டு ஞாயித்துக்கிழமை செய்ய வைங்க. தன் கையால கொத்தின கோர்ட்டுல தன் பொண்ணு ஆடறதை எவனும் வேணாம்னு சொல்ல மாட்டான்.

அடுத்தது பேப்பர். பல புள்ளைங்க ஆட்டம் இருந்தும் அடிபட்டுப் போனது பேப்பர்ல தான். உங்க பக்கம் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்க, ஆதார்ல பழைய அட்ரஸ் இருக்கும், ரேஷன் கார்டுல வேற இருக்கும், பர்த் சர்டிபிகேட் வெள்ளத்துல போயிருக்கும். ஒவ்வொரு பொண்ணுக்கும் ஒரு ஃபைல் போடுங்க, பர்த் சர்டிபிகேட், ஆதார், ஸ்கூல் போனஃபைட், போட்டோ. பெரும்பாக்கம் ஊராட்சி செங்கல்பட்டு மாவட்டம், கண்ணகி நகர் சென்னை மாநகராட்சி. உங்க பொண்ணுங்க பாதிப்பேரு வேற மாவட்டத்து ஸ்கூல்ல படிப்பாங்க. முதலமைச்சர் கோப்பைக்கு ஆன்லைன்ல பதியும்போதும் சரி, மாவட்ட செலக்‌ஷனுக்கும் சரி, எந்த மாவட்டத்துல ஆடணும்னு முதல்லயே விசாரிச்சு வைங்க, கடைசி நேரத்துல போய் நின்னா திருப்பி அனுப்பிடுவாங்க. ஆடற ஒவ்வொரு போட்டி சர்டிபிகேட்டையும் நீங்க ஒரு ஜெராக்ஸ் வச்சுக்கோங்க. அதுங்க தொலைச்சிடும்.

எடை. சப் ஜூனியர்னா 16 வயசு, 55 கிலோ. இந்த 55க்காக ரெண்டு நாள் சாப்பிடாம, வெயில்ல ஸ்வெட்டர் போட்டு ஓடி, எச்சில் துப்பித் துப்பி எடை குறைச்சு, வெயிங் மெஷின்ல ஏறி எறங்கினதும் மயங்கி விழுந்த பொண்ணுங்களை நான் கையில தூக்கிருக்கேன். உங்க கோர்ட்ல அதை ஒருநாளும் விடாதீங்க. எடை தாண்டுச்சா, அடுத்த பிரிவுல ஆடட்டும். ஜெர்சிக்கு ஒதுக்கற காசுல பாதியை எடுத்து தினம் ஒரு அவிச்ச முட்டை, ஒரு கைப்பிடி சுண்டல் குடுங்க, ஆட்டம் தானா ஏறும்.

பொண்ணுங்க கிட்டயும் வீட்லயும் ஆசை காட்டறப்போ புரோ கபடியை காட்டாதீங்க. அது ஆம்பளைங்களுக்கு. பொண்ணுங்களுக்கு 2016ல மூணு டீம் வச்சு ஒரு தடவை நடத்தினாங்க, அதோட நின்னு போச்சு. காலேஜ் ஸ்போர்ட்ஸ் கோட்டா, போலீஸ், ரயில்வே, தமிழ்நாடு அரசு வேலையில விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கு, அதைச் சொல்லுங்க. அதுவும் மாநில, தேசிய அளவு சர்டிபிகேட் இருந்தா தான். நீங்களே கோட்டாவுல படிச்சவங்க, உங்க ஐடி கார்டை கழுத்துல மாட்டிக்கிட்டே போய் அந்த அம்மாங்க கிட்ட பேசுங்க.

---

மூணாவது_மாடி_அம்மா:

நான் கண்ணகி நகர் தான், என் பொண்ணும் ஆடுது. இது என் பொண்ணு போன்ல டைப் பண்ணது நான் சொல்ல சொல்ல.

ஷார்ட்ஸ்க்கு நானும் முதல்ல கத்தினவ தான். ஷார்ட்ஸ் போடறதுல எனக்கு ஒண்ணும் இல்ல, போட்டுட்டு கீழ எறங்கி நாலு பிளாக் தாண்டி நடக்கறதுல தான் பயம், படிக்கட்டுல உக்காந்திருக்கற பசங்க வாயி. அந்த கோச்சு என்ன பண்ணுச்சுன்னா, வரும்போதும் போகும்போதும் மேல டிராக் பேண்ட் போட்டுக்கங்க, கோர்ட்ல மட்டும் கழட்டுங்கன்னுச்சு, அப்புறம் எல்லா பொண்ணுங்களையும் கூட்டமா ஒண்ணா அழைச்சிட்டு வந்து வீட்டு வாசல்ல விட்டுட்டு தான் போகும். அதான் எனக்கு நம்பிக்கை வந்துச்சு. நீயும் அப்படி பண்ணு கண்ணு. மாசத்துல அந்த நாள்ல வரலன்னா ஏன் வரலன்னு கேக்காத, பாத்ரூம் எங்க இருக்குன்னு முதல்ல பாரு, எங்க பொண்ணுங்க தண்ணி குடிக்காம ஆடும் பாத்ரூம் இல்லன்னு.

பேரு கேட்டியே. இருவது வருஷமா எங்க ஏரியா பேரை சொன்னா ஆட்டோக்காரன் வரமாட்டான், வீட்டு வேலைக்கு போனா பேக்கை திறந்து பாப்பாங்க. கார்த்திகா பொண்ணு மெடலோட வந்த அன்னைக்கு டிவிக்காரன் எல்லாம் வழி கேட்டு கேட்டு உள்ள வந்தான். பேக்கை திறந்து பாக்கறது இன்னும் நிக்கல, அதுவும் நடக்குது. ஆனா என் பொண்ணு இப்போ எந்த ஏரியான்னு கேட்டா சட்டுனு சொல்லுது, நான் தான் இன்னும் தொரைப்பாக்கம்னு சொல்லிட்டு இருக்கேன்.

---

சும்மா_சொல்றேன்:

சரிங்க அம்மா, நீங்க சொன்னப்புறம் நான் என்ன பேசறது. ஆனா ஸ்பான்சர் விஷயத்துல நான் சொன்னது அப்படியே நிக்குது, கம்பெனிக்காரங்க கிட்ட போகும்போது கஷ்டம் இருக்கும், அதுக்கு தயாரா போங்க. நான் ஒரு சின்ன டிராபி கடை வச்சிருக்கேன், ஜெர்சி பிரிண்டிங்கும் பண்றோம். என்ன பேரு வச்சாலும் முதல் செட் பிரிண்டிங் என் செலவு, இன்பாக்ஸ் வாங்க.

---

பெரும்பாக்கம்_கார்னர்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, எல்லாத்தையும் ரெண்டு தடவை படிச்சேன்.

சார், நீங்க சொன்ன மாதிரி சிமெண்ட் தரை தான், இன்னைக்கே நிறுத்திட்டேன், ஓட்டமும் ஸ்ட்ரெச்சிங்கும் மட்டும் போயிட்டு இருக்கு. பிளாக்குக்கு பின்னாடி டிரைனேஜ் பக்கத்துல ஒரு மண் இடம் இருக்கு, குப்பை கொட்டற இடம், அதை சுத்தம் பண்ண போர்டு ஆபீஸ்ல எழுதிக் குடுத்திருக்கேன், அவங்க வரலன்னா ஞாயித்துக்கிழமை நாங்களே எறங்கறோம். ரெண்டு அப்பாங்க வரேன்னு சொல்லிட்டாங்க, ஒருத்தர் கொத்தனாரு, சல்லடை அவர் கிட்டயே இருக்கு.

புதுக்கோட்டை அண்ணா, சேவிங்ஸை தொடல. மாசம் 2000, அவ்வளவு தான், அதுவும் முட்டைக்கு.

பேரு விஷயத்தை பொண்ணுங்க கிட்டயே விட்டேன். நேத்து ஓட்டு போட்டாங்க. பதினொண்ணு பேரு ஏரியா பேரு வேணும்னாங்க, மூணு பேரு "ஃபயர் ஏஞ்சல்ஸ்"னாங்க, ஒரு பொண்ணு மட்டும் ஏரியா பேரு வேணாம்க்கா, எங்க ஸ்கூல்ல நான் எங்கேர்ந்து வரேன்னு யாருக்கும் தெரியாதுன்னு என் கிட்ட தனியா வந்து சொல்லுச்சு. ஏரியா தாண்டி கொஞ்சம் தூரத்துல படிக்குது, கிளாஸ்ல தெரிஞ்சா பக்கத்துல உக்கார மாட்டாங்கன்னு பயம். நல்ல ரெய்டர் அது, கால் அவ்வளவு வேகம். அதனால இப்போதைக்கு ஊர்ல ஆடற மேட்சுக்கு மட்டும் ஏரியா பேரு போட்ட ஜெர்சி, வெளிய போறப்போ வெறும் நம்பர் போட்ட டி-ஷர்ட், அந்தப் பொண்ணு சரின்னு சொல்ற வரைக்கும் இப்படியே போகட்டும்னு முடிவு பண்ணிருக்கேன். ஓமலூர் அண்ணன் திட்டுவீங்கன்னு தெரியும்.

@சும்மா_சொல்றேன் அண்ணா இன்பாக்ஸ் பண்ணிருக்கேன், ரெண்டு செட் ஆகும், பரவாயில்லையா?

---

ஓமலூர்க்காரன்:

திட்டலைங்க. அந்தப் புள்ளைக்கு என்ன நம்பர் குடுத்தீங்க?

---

பெரும்பாக்கம்_கார்னர்:

7. அதுவே கேட்டு வாங்கிக்கிச்சு.